கேள்வி – பதில்: அக்சஸ் பொயின்டுக்கு மின்சாரம் கொடுப்பதும் அதன் விளக்குகளை வாசிப்பதும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்களும், கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர்களும், தாங்கள் பொருத்திய வைஃபை அக்சஸ் பொயின்ட் (வயரில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவி) ஏன் எரியவில்லை, எரிந்தாலும் ஏன் இணையம் வரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இதற்கே முழு இடத்தையும் கொடுத்திருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எமது விடுதியின் மேல்மாடிக்கென்று ஓர் அக்சஸ் பொயின்ட் வாங்கினோம். பெட்டிக்குள் அடப்டர் இல்லை. கருவியின் பின்புறத்திலும் நெட்வேர்க் வயர் குத்தும் ஒரு துவாரம் மட்டுமே இருக்கிறது. ரவுட்டரிலிருந்து வயர் இழுத்துக் குத்தினோம். ஒரு விளக்கும் எரியவில்லை. கடைக்காரர் பழுதான சாமானைத் தந்துவிட்டாரா? (உப்புவெளி)

பதில்: கடைக்காரரைக் குறைசொல்ல அவசரப்படவேண்டாம். உங்கள் கருவி, தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் இணையத் தரவையும் ஒரே நெட்வேர்க் வயரின் வழியாகப் பெறும் வகையைச் சேர்ந்தது. இந்த முறையைப் பீஓஈ என்பார்கள். வீடுகளுக்குக் கொடுக்கப்படும் சாதாரண ரவுட்டரின் லேன் துவாரங்கள் தரவை மட்டுமே அனுப்பும். கருவியை இயக்கும் மின்சாரத்தை அனுப்ப மாட்டா. அதனால்தான் வயர் சரியாக இருந்தும், கருவி நல்லதாக இருந்தும், விளக்கு எரியவில்லை.

மின்சாரத்தை அந்த வயருக்குள் ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பல கருவிகள் இருந்தால் பீஓஈ சுவிட்ச் ஒன்றை, அதாவது பல துவாரங்கள் வழியாகத் தரவையும் மின்சாரத்தையும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, வாங்குவது நல்லது. உங்களைப்போல் ஒரே ஒரு கருவி என்றால், சவர்க்காரக் கட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் இன்ஜெக்டர் என்ற சிறு பெட்டி போதும். அதை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே, சாதாரண 230 வோல்ட் பிளக்கில் குத்தி வைக்கலாம். அதில் இரண்டு துவாரங்கள் இருக்கும். லேன் என்று எழுதியிருப்பதில் ரவுட்டரிலிருந்து வரும் வயரையும், பீஓஈ என்று எழுதியிருப்பதில் மேல்மாடிக்குப் போகும் வயரையும் குத்தவேண்டும். இரண்டும் ஒரே வடிவமானவை என்பதால் மாறிக் குத்துவது மிக எளிது. நானே ஒருமுறை நண்பர் வீட்டு அலுமாரிக்குப் பின்னால், இருட்டில் கையைவிட்டு மாறிக் குத்திவிட்டு, ஏணியில் ஏறி இறங்கி அரை நாளைக் கழித்திருக்கிறேன். இன்ஜெக்டரின் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால் அங்கே பிழை இருக்காது என்று நினைத்துவிட்டேன். பல இன்ஜெக்டர்களில் அந்த விளக்கு, சுவரிலிருந்து தனக்குள் கரண்ட் வந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். மேலே போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்லாது.

வாங்குவதற்கு முன் ஒரு விடயத்தை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். கருவியின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சிட்டையில் 802.3 என்ற எண்ணும் அதை அடுத்து இரண்டு எழுத்துகளும் இருக்கும். ஏ.எஃப். என்றிருந்தால் அது 2003இல் வந்த நியமம். மின்சாரம் கொடுக்கும் பக்கத்தில் 15.4 வாட், வயரின் இழப்புப் போகக் கருவிக்கு 12.95 வாட். ஏ.டி. என்றிருந்தால் 2009இல் வந்தது. கொடுப்பது 30 வாட், கிடைப்பது 25.5 வாட். பி.டி. என்பது 2018இல் வந்தது. அது 60, 90 வாட் என்று மேலே போகும். ஏ.எஃப். கருவியை ஏ.டி. இன்ஜெக்டரில் தாராளமாகக் குத்தலாம்; கருவி தனக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். மறுபுறமாக, ஏ.டி. கேட்கும் கருவியை ஏ.எஃப். இன்ஜெக்டரில் குத்தினால், சில கருவிகள் எரியவே மாட்டா; சில எரிந்தும், வைஃபை அலையை அனுப்பும் தமது ரேடியோக்களின் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னதுதான் ஆளை அலையவைக்கும், ஏனென்றால் விளக்கில் குறை தெரியாது, அறைகளில் சிக்னல் மட்டும் மெலிந்திருக்கும்.

உங்கள் சிட்டையில் 802.3 என்ற எண்ணே இல்லாமல் 24 வோல்ட் என்று மட்டும் இருந்தால் கவனம் வேண்டும். அது பாசிவ் பீஓஈ எனப்படும் வேறு வகை. நியமப்படி அமைந்த இன்ஜெக்டர், முழு மின்சாரத்தையும் எடுத்த எடுப்பில் அனுப்பாது. முதலில் 10 வோல்ட்டுக்கு மேற்படாத மிகச் சிறிய மின்னழுத்தத்தை அனுப்பி, மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். அந்தத் தடை இருந்தால் மட்டுமே, அங்கே இருப்பது பீஓஈ கருவிதான் என்று அறிந்து, 44 முதல் 57 வோல்ட்டுக்குள் முழு மின்சாரத்தையும் திறந்துவிடும். மடிக்கணினியையோ பிரின்டரையோ தவறிக் குத்தினாலும் அவற்றுக்குள் மின்சாரம் போகாது. பாசிவ் வகைக்கு இந்த விசாரிப்பு இல்லை. எதைக் குத்தினாலும் அனுப்பிவிடும். ஆகவே பாசிவ் இன்ஜெக்டர் உங்களிடம் இருந்தால், அதன் பீஓஈ துவாரத்தின்மேல் சிவப்பு நாடா ஒட்டி, எந்தக் கருவிக்கு உரியது என்று எழுதிவையுங்கள். விடுதியில் வேலைசெய்யும் தம்பிமார் அவசரத்துக்கு வேறொன்றைக் குத்திவிட்டால் அது கருகிப்போக இடமுண்டு.

கேள்வி: எங்கள் கருவியுடன் 12 வோல்ட் அடப்டர் வந்தது. தோட்டத்து அறைகள் 40 மீற்றர் தள்ளியிருப்பதால், நெட்வேர்க் வயருக்குள் சும்மா இருக்கும் நீல, மண்ணிறச் சோடிகளில் அந்த 12 வோல்ட்டை ஏற்றி அனுப்பினோம். பகலில் நன்றாக வேலை செய்கிறது. இரவு ஏழு மணிக்குப் பின், விருந்தினர் அறைக்குத் திரும்பியதும், விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. கருவி சூடாகிறதா? (நிலாவெளி)

பதில்: சூடு காரணமல்ல, வயரின் நீளமே காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். நல்ல செம்பு நெட்வேர்க் வயரின் ஒரு கம்பிக்கு 100 மீற்றருக்கு ஏறத்தாழ 9 ஓம் தடை உண்டு. 40 மீற்றருக்கு 3.6 ஓம். போவதற்கு இரண்டு கம்பி, திரும்புவதற்கு இரண்டு கம்பி என்று நீங்கள் சோடியாகப் பிடித்திருப்பதால், போக ஒரு 1.8, வர ஒரு 1.8, மொத்தம் 3.6 ஓம்.

பகலில் யாரும் பாவிக்காதபோது கருவி 0.4 அம்பியர் அளவில் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். வயருக்குள் சுமார் 1.4 வோல்ட் தொலையும், கருவிக்கு 10.6 வோல்ட் போய்ச் சேரும், சமாளித்துக்கொள்ளும். இரவில் பத்துப் பதினைந்து கைபேசிகள் ஒன்றாக வீடியோ பார்க்கத் தொடங்கினால் ரேடியோ வேலை கூடி, 0.9 அம்பியர் வரை போகும். அப்போது 3.2 வோல்ட் தொலைந்து, மிஞ்சுவது 8.8. இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: இக்கருவிகளுக்குள் இருக்கும் மின்சுற்று, வோல்ட் குறையக் குறைய, வேண்டிய வாட்டைப் பெறுவதற்காக அம்பியரைக் கூட்டி இழுக்கும். அம்பியர் கூடினால் வயரில் இழப்பும் கூடும். ஒரு கட்டத்தில் கருவி விழுந்து, விளக்கு அணைந்து, பாரம் இறங்கியதும் மறுபடி எழும்பும். எழும்பியவுடன் கைபேசிகள் எல்லாம் ஒன்றாய்ப் பாய, மறுபடி விழும். நீங்கள் பார்க்கும் “அணைந்து அணைந்து எரிவது” இதுதான்.

பீஓஈ முறையில் 48 வோல்ட் அளவு வைத்திருப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அதே 9 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் 0.2 அம்பியர்கூட ஓடாது. அதே 40 மீற்றரில் ஒரு வோல்ட்கூட இழக்காது. வோல்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடாகிப் போகும் மின்சாரம் நான்கில் ஒன்றாகிவிடும். உங்கள் கருவி பீஓஈயை ஏற்குமானால், எட்டுக் கம்பிகளுக்கும் முறைப்படி கிளிப் (துவாரத்தில் குத்தும் வயர் நுனி) அடித்து, இன்ஜெக்டர் ஒன்றைப் போடுங்கள். ஏற்காது, 12 வோல்ட் மட்டுந்தான் என்றால், இந்தப் பக்கம் இன்ஜெக்டரும் அந்தப் பக்கம் ஸ்பிளிட்டர் என்னும் பிரிப்புப் பெட்டியும் போடலாம். ஸ்பிளிட்டர், வந்த 48 வோல்ட்டைக் கருவியின் பக்கத்தில் வைத்து 12 ஆக இறக்கிக் கொடுக்கும். பீஓஈயாக இருந்தாலும் நெட்வேர்க் வயரின் எல்லை 100 மீற்றர் என்பதை மறக்கவேண்டாம்.

வயரையும் ஒருமுறை பாருங்கள். நறுக்கிய நுனி ஒன்றை பிளேட்டால் மெதுவாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் நல்லது. மேலே செம்பு நிறமும் சுரண்டிய இடத்தில் வெள்ளி நிறமும் தெரிந்தால், அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பின் திறனில் ஏறத்தாழ அறுபது வீதந்தான். இரண்டு மூன்று தரம் வளைத்தால் ஒடிந்தும் போகும். விலை குறைவு என்பதற்காக அதை பீஓஈக்கு வாங்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: நான் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியை. எங்கள் மண்டபத்தின் கருவியில் நீல விளக்கு எரிகிறது. தம்பி வேலைசெய்யும் ஹோட்டலில் பச்சை எரிகிறது. பச்சைதான் நல்லது, நீலமென்றால் இணையம் இல்லை என்று அவர் சொல்கிறார். உண்மையில் எங்களுக்கு நேற்று இணையமும் இல்லை. எது சரி? (கிண்ணியா)

பதில்: உங்கள் தம்பி சொன்னது அவருடைய ஹோட்டலுக்குப் பொருந்தலாம்; உங்கள் கருவிக்கும் பொருந்தும் என்றில்லை. விளக்கு நிறங்களுக்கு உலகப் பொது நியமம் என்று ஒன்றில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். யூபிக்விட்டியின் யுனிஃபை கருவிகளில் அசையாத வெள்ளை என்றால், கருவி எழும்பிவிட்டது, ஆனால் இன்னும் யாரும் தன்னைப் பொறுப்பேற்று அமைக்கவில்லை என்று பொருள். அசையாத நீலம் என்றால் அமைத்து முடிந்து வேலை செய்கிறது. அதே நிறுவனத்தின் ஆரம்பகாலக் கருவிகளில் அதே இரண்டு நிலைகளுக்கும் மஞ்சளும் பச்சையும் இருந்தன. சிஸ்கோ மெராக்கி கருவிகளிலோ அசையாத பச்சை என்றால் எல்லாம் சரி, ஆனால் ஒருவரும் இணைந்திருக்கவில்லை. ஒருவராவது இணைந்ததும் அது நீலமாகும். இணைய வழியைக் கண்டுபிடிக்க முடியாதபோது செம்மஞ்சளில் மின்னும். ஆக, ஒரு வீட்டில் நல்ல சேதியான நிறம் பக்கத்து வீட்டில் வேறு சேதியாகலாம். கருவியுடன் வந்த சிறு தாளை எறிந்துவிடாமல், விளக்குப் பக்கத்தை மட்டும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் மாறினாலும், விளக்கின் நடத்தையில் பெரும்பாலான கருவிகளுக்குப் பொதுவான ஒழுங்கு உண்டு. ஒன்றுமே எரியாவிட்டால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். வைஃபை அமைப்புகளுக்குள் கைவைக்கவேண்டாம். கரண்ட் கொடுத்தவுடன் மின்னினால் அது எழும்பிக்கொண்டிருக்கிறது; இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருக்கவேண்டும். ஐந்து பத்து நிமிடமாகியும் மின்னியபடி இருந்து, அணைந்து, முதலிலிருந்து தொடங்கினால், முன்னைய பதிலில் சொன்ன மின்சாரக் குறைவைச் சந்தேகியுங்கள். இரண்டு நிறம் மாறி மாறி எரிந்தால் தாளைப் பார்க்காமல் பிளக்கைக் கழற்றாதீர்கள். யுனிஃபையில் வெள்ளையும் நீலமும் மாறி மாறி எரிவது, கருவி தன் உள்ளே இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கிறது என்பதைக் காட்டும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் கருவி எழும்பாமலே போய்விடக்கூடும். வேலைசெய்துகொண்டிருந்த கருவி திடீரென வேகமாக மின்னினால் பதற வேண்டியதில்லை, “எந்தக் கருவி இது?” என்று கண்டுபிடிப்பதற்காக யாரோ கைபேசிச் செயலியில் பொத்தானை அழுத்தியிருக்கவும் கூடும்.

இனி உங்கள் நேற்றைய பிரச்சினை. அசையாத நல்ல விளக்கு, பொதுவாக மூன்று விடயங்களுக்கே சாட்சி சொல்லும்: மின்சாரம் வந்திருக்கிறது, கருவி எழும்பியிருக்கிறது, வைஃபை பெயரை ஒலிபரப்புகிறது. அதற்கு அப்பால் இணையம் வந்து சேர்ந்திருக்கிறதா என்பதை எல்லாக் கருவிகளும் காட்டுவதில்லை. எனவே உங்கள் மண்டபத்துக் கூரையை விட்டுவிட்டு, இணையம் வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஃபைபர் இணைப்பென்றால், அந்தப் பெட்டியில் பி.ஓ.என். என்றொரு விளக்கும் எல்.ஓ.எஸ். என்றொரு விளக்கும் இருக்கும். முன்னது அசையாமல் எரிந்து, பின்னது அணைந்திருந்தால் வெளியிலிருந்து ஒளி வருகிறது. எல்.ஓ.எஸ். சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை. அப்போது வீட்டுக்குள் எதை அணைத்து எரித்தும் பயனில்லை. மெல்லிய அந்த ஃபைபர் வயர் மேசைக் காலில் சிக்கி மடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, நிறுவனத்துக்கு அறிவியுங்கள். ஃபைபரின் நுனியைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது; அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தீங்கு செய்யும்.

பெட்டியில் எல்லாம் சரியென்றால், அதிலிருந்து சுவிட்சுக்கும் சுவிட்சிலிருந்து கூரைக்கும் ஒவ்வொரு துவாரத்தின் சிறு விளக்கையும் பார்த்துக்கொண்டே வாருங்கள். எங்கே விளக்கு நிற்கிறதோ, அதற்கும் முன்னையதற்கும் இடையில் பிழை இருக்கிறது. இப்படிப் படிப்படியாக வந்தால் பெரும்பாலான வேளைகளில் பத்து நிமிடத்துக்குள் இடத்தைப் பிடித்துவிடலாம். ரீசெட் துவாரத்துக்குள் ஊசியை விடுவது கடைசி வழி. அதைப் பத்து விநாடி அளவு அழுத்திப் பிடித்தால் வைஃபை பெயர், கடவுச்சொல் உட்பட எல்லாம் அழிந்து, கருவி பெட்டியிலிருந்து எடுத்த நிலைக்குத் திரும்பிவிடும். ஃபைபர் அறுந்திருந்த ஒரு நாளில், நன்றாக இருந்த நான்கு கருவிகளையும் இப்படி அழித்துவிட்டு வந்து நின்றவர்களை நான் அறிவேன்.

கேள்வி: 12 வோல்ட் 1 அம்பியர் அடப்டர் பழுது. கையில் 12 வோல்ட் 2 அம்பியர் ஒன்று இருக்கிறது. போடலாமா? (மூதூர்)

பதில்: போடலாம். வோல்ட் சரியாக ஒத்திருக்கவேண்டும். அம்பியர் குறையக்கூடாது, கூடலாம். ஊசி முனையின் தடிப்பும், நடுவில் கூட்டலா கழித்தலா என்று சிட்டையில் வரைந்திருக்கும் வட்டக் குறியும் பழையதைப் போலவே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட் அடப்டரைப் போட்டால் விளக்கு மங்கலாக எரிந்தாலும் அதை நம்பவேண்டாம்.

கேள்வி: மொட்டைமாடியில், கடலைப் பார்த்தபடி வெளிக் கருவி ஒன்று பொருத்தி ஒன்றரை வருடம். விளக்கு வழமைபோல் எரிகிறது. ஆனால் வேகம் பத்தில் ஒன்றாகிவிட்டது. சுவிட்சில் அந்தத் துவாரத்தின் விளக்கு முன்பு பச்சையாக இருந்தது, இப்போது செம்மஞ்சள். (உட்துறைமுக வீதி, திருகோணமலை)

பதில்: நிறம் மாறியதைக் கவனித்து எழுதியது மிகப் பெரிய உதவி. பல சுவிட்சுகளில் துவாரத்தின் விளக்கு நிறம் வேகத்தைக் குறிக்கும். உங்கள் சுவிட்சில் பச்சை 1000 மெகாபிட், செம்மஞ்சள் 100 மெகாபிட் என்று இருக்கவேண்டும்; நீங்கள் சொல்லும் “பத்தில் ஒன்று” அதற்குப் பொருந்துகிறது. ஆயிரம் மெகாபிட்டுக்கு நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். நூறுக்கு இரண்டு சோடி போதும். ஆகவே எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று தொடுப்பு விட்டிருக்கிறது.

எங்கே என்று நினைக்கிறேன் தெரியுமா? கருவியின் அடியில், கிளிப் நுழையும் இடத்தில். சில மாதங்களுக்கு முன் இதேபோல் கடலோர மாடியொன்றில் ஏறினேன். கருவியின் மூடியைக் கழற்றியதும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. கிளிப்பை இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, எட்டு உலோகப் பற்களில் நான்காவதிலும் ஐந்தாவதிலும் பாசிபோல் பச்சைத் தூள் பிடித்திருந்தது; நகத்தால் தட்ட உதிர்ந்தது. ஐந்தாவது பல் அரைவாசி கரைந்துபோயிருந்தது. உப்புக் காற்றும் ஈரமும் மட்டும் இவ்வளவு விரைவில் இப்படிச் செய்வதில்லை. அந்தப் பல்லில் எந்நேரமும் மின்சாரம் நிற்பதால், ஈரமும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும் வேலை பல மடங்கு விரைவாகிறது. பீஓஈ வயர்கள் சாதாரண நெட்வேர்க் வயர்களைவிடக் கடற்கரையில் சீக்கிரம் கெடுவதற்கு இதுவே காரணம்.

செய்யவேண்டியது இது. முதலில் இன்ஜெக்டரையோ சுவிட்சையோ அணையுங்கள். கரண்ட் ஓடும்போதே கிளிப்பை இழுத்தால் சிறு பொறி பறந்து மிஞ்சிய பற்களும் கருகும். பழைய கிளிப்பை நறுக்கி எறிந்துவிட்டு, நல்ல செம்பு தெரியும் வரை வயரைக் குறைத்துப் புதிதாக அடியுங்கள். நிற ஒழுங்கு: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். கருவிக்குள் இருக்கும் துவாரத்தின் பற்களையும் பாருங்கள்; அவையும் கரைந்திருந்தால் கிளிப் மாற்றிப் பயனில்லை. கருவியுடன் வந்த ரப்பர் வளையத்தை இம்முறை கட்டாயம் போடுங்கள். வயர் கருவிக்குள் நுழையும் முன், கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். வயரில் வழியும் மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், துவாரத்துக்குள் ஏறாது. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை எமக்கு நேரே கடலிலிருந்து அடிக்கிறது என்பதால் இந்த வளைவை நான் எங்கேயும் விடுவதில்லை.

வயர் வெளிப்பாவனைக்குரிய கறுப்பு உறை போட்டதாக இருக்கட்டும். வீட்டுக்குள் பாவிக்கும் சாம்பல் வயர் எங்கள் வெயிலில் வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னல் கூடும் என்பதால், வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நெட்வேர்க் வயருக்குரிய மின்னல் தடுப்புப் பெட்டி ஒன்றைப் போட்டு, அதன் நில வயரை வீட்டின் எர்த்துடன் மின்வேலையாளரைக் கொண்டு இணைப்பியுங்கள். எர்த் இல்லாமல் அந்தப் பெட்டியைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான். நேரடியாக விழும் இடிக்கு எதுவும் தாங்காது. இடி தொடங்குமுன் பிளக்கையும் நெட்வேர்க் வயரையும் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

கேள்வி: பாடசாலையில் எட்டுத் துவார பீஓஈ சுவிட்ச் ஒன்றில் ஆறு அக்சஸ் பொயின்டுகள். ஆறாவது எரிவதும் அணைவதுமாக இருக்கிறது. அதை வேறு துவாரத்தில் குத்தினால் எரிகிறது, வேறொன்று அணைகிறது. (தம்பலகாமம்)

பதில்: சுவிட்சின் மொத்த மின்சாரப் பங்கு முடிந்துவிட்டது. எட்டுத் துவாரத்திலும் பீஓஈ உண்டு என்றால், எட்டுக்கும் முழு அளவு கொடுக்கும் என்று பொருளல்ல. சிட்டையில் மொத்த பீஓஈ வாட் என்று ஓர் எண் இருக்கும். அது 60 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கருவியும் சும்மா இருக்கும்போது 9 வாட் எடுத்தால் ஆறுக்கும் 54, தாங்கும். பிள்ளைகள் எல்லோரும் இணைந்து 11 வாட்டுக்குப் போனால் 66, தாங்காது. அப்போது சுவிட்ச், முன்னுரிமை குறைந்த துவாரத்தை வெட்டிவிடும். முன்னுரிமையை நாம் அமைக்காவிட்டால், பல சுவிட்சுகளில் பெரிய எண்ணுள்ள துவாரமே முதலில் வெட்டுப்படும். சில சுவிட்சுகள் உண்மையில் எடுக்கும் வாட்டைப் பாராமல், ஏ.எஃப். வகைக் கருவிக்குரிய முழு 15.4 வாட்டையே ஒதுக்கிவைக்கும். அப்படியென்றால் 60க்குள் மூன்று கருவிகளே அடங்கும். முன்பக்கத்தில் மெக்ஸ் என்ற சொல்லுடன் ஒரு விளக்கு இருந்தால், அது எரிகிறதா என்று அடுத்தமுறை பாருங்கள். எரிந்தால் பங்கு எல்லையைத் தொட்டுவிட்டது. புது சுவிட்ச் வாங்கும் வரை, இரண்டு கருவிகளுக்குத் தனித்தனி இன்ஜெக்டர் போட்டு, அவற்றைப் பீஓஈ இல்லாத துவாரங்கள் வழியாக இணைத்துவிடுங்கள். அப்படிப்பட்ட துவாரங்கள் இல்லாவிட்டால், அவற்றைக் குத்தும் இரண்டு துவாரங்களின் பீஓஈயை அமைப்பில் நிறுத்திவிடலாம்.

கேள்வி: கரண்ட் போனால் வைஃபையும் போகிறது. யூ.பீ.எஸ். எங்கே வைப்பது? மாடியிலா, கீழேயா? (உப்புவெளி)

பதில்: கீழே, ஒரே ஒன்று போதும். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில், பீஓஈயின் அருமையை நான் நன்றாக உணர்ந்தேன். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், இன்ஜெக்டர் மூன்றையும் கீழே ஒரே யூ.பீ.எஸ்.இல் குத்தினால் மாடியில் இருக்கும் கருவியும் தானாகவே எரிந்துகொண்டிருக்கும். மூன்றும் சேர்த்து 25 வாட் எடுக்கும் என்றால், 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரியில் இருப்பது 84 வாட்-மணி. மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் பற்றரியை அடிமட்டம் வரை இறக்கக்கூடாது என்பதையும் கழித்தால் இரண்டு மணித்தியாலம் அளவு எதிர்பார்க்கலாம். மூன்றில் எதையாவது விட்டுவிட்டால், மாடியில் விளக்கு அழகாக எரியும், இணையம் மட்டும் இராது.

கேள்வி: அறையின் கூரையில் எரியும் நீல விளக்கு கண்ணில் குத்துகிறது என்று விருந்தினர் முறையிடுகிறார்கள். நாடா ஒட்டலாமா? (நிலாவெளி)

பதில்: ஒட்டத் தேவையில்லை. பெரும்பாலான அக்சஸ் பொயின்டுகளில் விளக்கை மட்டும் அணைத்துவைக்க அமைப்பில் ஒரு தெரிவு உண்டு. வைஃபைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் அப்படி அணைத்த கருவிகளின் அறை எண்ணை, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால், அடுத்தமுறை வேலைக்கு வருபவர் எரியாத விளக்கைப் பார்த்து, நல்ல கருவியைக் கழற்றிக் கொண்டுபோய்விடுவார்.